பதினாலாம் குப்பி

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.50.

"தாயி, சாரு எந்திரிக்க மாட்டேங்கிறாக. கை சில்லுனு கெடக்கு. நீ கொஞ்சம் வாரியா?"

போனை அணைக்கவும் கருத்தையாவுக்குத் தோன்றவில்லை. தோட்டத்துக் குழாயிலிருந்து வாளி நிறைந்து வழியும் சத்தம் மட்டும் செந்தாமரைக்குக் கேட்டது.

காரைக்குடி விடுதியிலிருந்து ஸ்கூட்டரில் அவள் கண்டனூர் போய்ச் சேர்ந்தபோது மணி 7.15. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் மட்டும் முன்வாசல் திறக்கும் பெரிய வீடு அது. அதன் பின்கட்டை வாடகைக்கு எடுத்துப் பதினொரு வருடமாகத் தனியாகக் குடியிருந்தார் பேராசிரியர் உபகாரசாமி. வேலங்குடிச் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் கரிம வேதியியல் ஆய்வகத்தை நடத்தியவர். செந்தாமரை அவரிடம் நான்காம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. அவளுடைய அப்பா கருத்தையா அந்த வீட்டுத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டார்.

பேராசிரியர் மேசைமேல் தலை சாய்த்திருந்தார். தரையில் வாந்தி காய்ந்திருந்தது. பக்கத்தில் காபி ஃபிளாஸ்க் மூடி திறந்தபடி இருந்தது. டம்ளர் காலி.

8.15க்கு இன்ஸ்பெக்டர் தங்கச்சாமி வந்தார். கூட வந்த டாக்டர் இமைகளை விலக்கிப் பார்த்தார், வாந்தியைப் பார்த்தார், ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

"மாரடைப்புன்னு எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரல, சார்."

மேசையிலிருந்து நான்கு பொருள்கள் உறையில் போய் அரக்கு முத்திரை வாங்கின: மூக்குக் கண்ணாடி, கைப்பேசி, சாவிக்கொத்து, மிச்சக் காபியோடு ஃபிளாஸ்க். செந்தாமரை சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

"கடைசியா எப்பப் பேசுனீங்க?"

"நேத்து சாயங்காலம் மூணரைக்குப் போன் பண்ணாங்க. திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்துரு, பதினாலை நாம ரெண்டு பேரும் முதல்லேருந்து செய்யணும், அதுவரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டாம்னாங்க."

"பதினாலுன்னா?"

"ஒரு சேர்மத்தோட நம்பர் சார்."

இன்ஸ்பெக்டரின் பேனா அதை எழுதிக்கொள்ளவில்லை.

பேராசிரியரின் அக்கா மகன் ஜோசப் ராஜ் பத்து மணிக்கு வந்தான். பூர்வீக நிலத்தில் கையெழுத்துக் கேட்டு மாமனோடு ஒரு வருடமாகச் சண்டை என்பது ஊரறிந்த சங்கதி. முந்தின நாள் முழுக்கத் தேவகோட்டையில் இருந்ததாகச் சொன்னான். ஆய்வகத்தில் மூத்த ஆய்வாளரான அருள்பாண்டி வந்து சவப்பெட்டிக்கு ஏற்பாடு செய்தான். சனிக்கிழமை இரவு ஏழு மணிவரை ஆய்வகத்தில் இருந்ததாக அவனும் எழுதிக் கொடுத்தான். அடக்கம் முடிந்தது. உடலுறுப்புகளும் ஃபிளாஸ்க்கும் மதுரைத் தடய அறிவியல் கூடத்துக்குப் போயின.

பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு, கருத்தையாவைக் கைது செய்தார்கள்.

அறிக்கையில் இருந்தது ஒரே ஒரு பெயர்: நிகோடின். காபியிலும் அதுதான், வயிற்றிலும் அதுதான். கிணற்றடியில் ஒரு மண்பானை நிறையப் புகையிலைக் கரைசல் வைத்திருந்தவர் கருத்தையா. காபி கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவரே. போலீஸ் அந்தப் பானையையும் மதுரைக்கு அனுப்பியது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கருத்தையாவை விசாரித்தபோது செந்தாமரை சுவரோரம் நின்றாள்.

"ஃபிளாஸ்க்கை எத்தனை மணிக்கு வச்சீரு?"

"நாலரை இருக்கும்யா."

"காபி போட்டது?"

"எஞ் சம்சாரம் பொன்னழகு."

"சாரு எப்பக் குடிப்பாக?"

"ஆறு மணி ஜெபம் முடிச்சுத்தேன் குடிப்பாக. அதுவரைக்கும் தோட்டத்துப் பக்கம் சன்னல் கட்டையிலதேன் இருக்கும்."

"வச்சுட்டு எங்க போனீரு?"

"வீட்டுக்குத்தேன். சனிக்கெழம சந்தைக்குப் போவணும்ல."

"புகையிலையை எதுக்குக் காய்ச்சுனீரு?"

"கத்தரியில அசுவினிப் பூச்சி விழுந்துருச்சுய்யா. மூணு மணி நேரம் காய்ச்சித் தெளிச்சா போயிரும்."

"சாரு சாகுறதுக்கு முந்தின நாள் உம்மைச் சத்தம் போட்டாராமே?"

"கெணத்துக்கிட்ட வச்சுக் காய்ச்சாதன்னு வஞ்சாக. எம்மேல தப்புத்தேன்."

இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பினார். "நீங்க கெமிஸ்ட்ரிதானம்மா? புகையிலையிலேருந்து விஷத்தைச் சுண்டக் காய்ச்சி எடுக்கிறது எப்படின்னு அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?"

"இல்ல சார்."

பதில் சொன்னது அவள். ஆனால் அந்தக் கேள்வி போய்த் தைத்தது கருத்தையாவை. அவர் மகளையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிற்பகல் 3.00. போக்கிடம் இல்லாமல் அவள் ஆய்வகத்துக்கு வந்தாள்.

அவளை அரித்தது வேறொரு பயம். பதினாலாம் சேர்மம் என்று பேராசிரியர் சொன்னதும் நிகோடின்தான். அருள்பாண்டி ஒரு வினையூக்கியைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு நிகோடினை ஒரே கைப்பக்கமாக, அதாவது வலது கை, இடது கை போன்ற அதன் இரண்டு வடிவங்களில் இடதை மட்டும், செய்துகாட்டியிருந்தான். புகையிலைச் செடி செய்வது போலவே அச்சாக. அந்தக் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்து ஒரு வருடம் ஆகிறது. மூலப்பொருள்களைத் தயாரித்துக் கொடுத்ததால் அதில் செந்தாமரையின் பெயரும் உண்டு. அந்தக் கட்டுரைக்காகவே ஜெர்மனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வியாழக்கிழமை விமானம். ஆக, காபியில் விழுந்தது செடியின் நிகோடினா, ஆய்வகத்தின் நிகோடினா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இரண்டும் ஒன்று.

அந்த வினையூக்கியை அவளும் வேறு சேர்மங்களில் முப்பத்தொரு தடவை போட்டுப் பார்த்திருந்தாள். ஒரு தடவைகூட ஒரு கைப்பக்கமாக வரவில்லை. வலதும் இடதும் சரிபாதியாகவே வந்தன. "உனக்குக் கைராசி இல்ல" என்று அருள்பாண்டி சிரிப்பான். அவளும் அதை நம்பிவிட்டாள்.

மூலையில் பழைய போலாரிமீட்டர் இருந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு, நீளமான கண்ணாடிக் குழாய், கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. ஒரு கைப்பக்கச் சேர்மம் குழாயில் இருந்தால் அதன் வழியே போகும் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும். எவ்வளவு திருப்பியது என்று அளவுகோல் காட்டும். பக்கத்தில் பதிவேடு. அவள் சும்மா புரட்டினாள்.

பேராசிரியர் இறந்த சனிக்கிழமை. மதியம் 2.10. அவருடைய சாய்ந்த கையெழுத்து.

14. அதற்கு நேரே மூன்று அளவுகள்: 0.0, 0.0, 0.0.

கருவி கெட்டுவிட்டதோ? சர்க்கரைக் கரைசலை ஊற்றிப் பார்த்தாள். எவ்வளவு திருப்ப வேண்டுமோ அவ்வளவு துல்லியமாகத் திருப்பியது.

அருள்பாண்டி தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"அண்ணே, பதினாலாம் குப்பியைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீகளா?"

அவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்துப் பூட்டியிருந்த குளிர்பெட்டியைத் திறந்தான். அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவனிடம், மற்றது பேராசிரியரிடம்.

"இங்குட்டு வா. நீயே பாரு."

ஒரு துளியை ஆல்கஹாலில் கரைத்துக் குழாயில் ஊற்றினாள். ஒளி இடப்பக்கம் பலமாகத் திரும்பியது. கட்டுரையில் எழுதியிருந்த அதே அளவு.

"பாவம், சாரு" என்றான் அருள்பாண்டி, அவள் காட்டிய பதிவேட்டைப் பார்த்து. "கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை சரியில்ல. வெறும் ஆல்கஹாலை ஊத்திப் பாத்திருப்பாக. நீ அப்பாவுக்கு வக்கீல் பாரு. இதுல எல்லாம் மண்டையை உடைக்காத."

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை, காலை 10.30. கிளைச் சிறை.

கம்பிக்கு அந்தப் பக்கம் கருத்தையா இரண்டு நாள் தாடியோடு நின்றார்.

"எழுதிக் கொடுத்துட்டேன் தாயி."

"என்னத்தப்பா?"

"நாந்தேன் கலந்தேன்னு. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் எழுதச் சொல்லிட்டேன். அது ரொம்ப முக்கியம்னு ஏட்டையா சொன்னாக."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அழுகாத. எனக்கு அறுவது ஆச்சு. உள்ள கெடந்தா என்ன, வெளிய கெடந்தா என்ன. உம் பேரு இதுல வரக்கூடாது. நீ டாக்டர் பட்டம் வாங்கிரு."

"செய்யாததை எப்படிப்பா ஒத்துக்கிட்டீக?"

"அவுக கேட்ட கேள்வி உனக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சிருச்சு."

நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். வெளியே வந்து, சாவியைத் திருகாமல் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேராசிரியரை அவள் நான்கு வருடமாகப் பார்த்தவள். சந்தேகம் இருந்தால் பத்துத் தடவை பார்ப்பவர், வெறும் ஆல்கஹாலை ஊற்றிவிட்டு மூன்று பூஜ்யம் எழுதுபவர் அல்ல. அவர் கண்டதும் சரி, அவள் கண்டதும் சரி என்று வைத்துக்கொண்டால்?

அவள் நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். மணி 11.40.

"மூணு சோதனை செய்யணும் சார். காபியிலேருந்து எடுத்த விஷம், எங்கப்பா பானை, எங்க லேப்புல இருக்கிற பதினாலாம் குப்பி. மதுரைக் கூடத்துக்கு ஒரு கடிதம் மட்டும் கொடுங்க."

"மூணுலயும் நிகோடின்னு வரும். அதைத்தான் ஏற்கனவே சொல்லிட்டாங்களே."

"எந்தக் கை நிகோடின்னு சொல்லல சார்."

தங்கச்சாமி பேனாவை மூடி வைத்தார். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"உங்க பூட்ஸைப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரே தோலு, ஒரே தையல். ஆனா வலது பூட்ஸ் இடது கால்ல ஏறாது. சில சேர்மமும் அப்படித்தான். ஒண்ணைக் கண்ணாடியில பாத்தா இன்னொண்ணு. புகையிலைச் செடி கிட்டத்தட்ட முழுக்க இடது பூட்ஸ் மட்டுந்தான் தைக்கும். நாம சோதனைச்சாலையில சும்மா செஞ்சா வலதும் இடதும் சரிபாதியா வரும். ஒண்ணு மட்டும் வர வைக்கத்தான் வினையூக்கி தேடுறோம். அதுதான் எங்க ஆராய்ச்சி."

"காபியில சரிபாதியா இருந்தா?"

"செடியில இருந்து வரலன்னு அர்த்தம். எங்கப்பா கலக்கல."

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி எடுத்தார்.

"அப்படி வந்தா விஷம் உங்க லேப்புலேருந்து போயிருக்கு. அங்க வேலை பாக்குறவங்கள்ல, காபி கொண்டுபோன ஆளோட மகள் யாரு?"

"நான்தான் சார்."

"தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

கடிதம் அன்றே தயாரானது. மாலையில் தங்கச்சாமி ஆய்வகத்துக்குப் போய்ப் பதினாலாம் குப்பியைக் கேட்டார். அருள்பாண்டி தயங்கவே இல்லை. தானே குளிர்பெட்டியைத் திறந்து, குப்பியைத் துடைத்து, உறைக்குள் வைத்தான்.

திங்கட்கிழமை, காலை 5.45. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் பேருந்தில் செந்தாமரை ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான எஃகுக் குழாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலதையும் இடதையும் பிரிக்கும் குழாய் அது. உள்ளே அடைத்திருக்கும் தூள் ஒரு கையைச் சீக்கிரம் விட்டுவிடும், மறு கையைப் பிடித்துவைத்துத் தாமதமாக விடும். மதுரைக் கூடத்தில் கருவி இருந்தது, இந்தக் குழாய் இல்லை. துறைத் தலைவரிடம் போலீஸ் கடிதத்தைக் காட்டி அவள் வாங்கி வந்திருந்தாள். திருப்பத்தூரில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது பிள்ளையை அணைப்பது போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

தடய அறிவியல் அலுவலர் யூஜினியா குழாயை வாங்கிக்கொண்டார்.

"நீங்க உள்ள வரக் கூடாது. குழாயை நானே சோதிச்சுட்டுத்தான் மாட்டுவேன். உக்காருங்க."

வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. 9.30 மணிக்கு உட்கார்ந்தாள். பானையில் சரிபாதி வந்துவிட்டால்? மூன்று மணி நேரக் கொதியில் கை மாறிவிட்டிருந்தால்? காபியில் ஒரே கை வந்துவிட்டால்? எதுவும் வரலாம். இங்கேயும் கைராசி இல்லாமல் போனால் அப்பா ஆயுளுக்கும் உள்ளேதான். கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை.

மாலை 4.20க்கு யூஜினியா மூன்று தாள்களோடு வெளியே வந்தார். கூடவே இன்ஸ்பெக்டர்.

"முதல் தாள் பானை. இந்தக் கோடு மேல எழும்புற ஒவ்வொரு சிகரமும் ஒரு பொருள். இதுல ஒரே ஒரு பெரிய சிகரம், இடது கை. பக்கத்துல குட்டிக் குட்டியா நாலு. அதெல்லாம் புகையிலையில நிகோடினோட சேர்ந்தே இருக்கிற சொந்தக்காரப் பொருள்கள். செடி எதையும் தனியாச் செய்யாது."

"ரெண்டாவது?"

"காபி. ரெண்டு சிகரம், தராசுல வச்ச மாதிரி சரிசமம். சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்ல."

செந்தாமரை எழுந்து நின்றாள்.

"மூணாவது உங்க குப்பி" என்று யூஜினியா தாளை நீட்டினார். "இதை நீங்களே பாக்கணும்னுதான் எடுத்துட்டு வந்தேன்."

அவள் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு தாளை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, ஒரு விரலை மட்டும் ஓர் இடத்தில் வைத்துக் காட்டினாள்.

அன்று இரவே ஜோசப் ராஜை ஸ்டேஷனுக்கு அழைத்தார் தங்கச்சாமி.

"மாமா இறந்த சனிக்கிழமை எங்க இருந்தீக?"

"தேவகோட்டையில."

"உங்க போன் அஞ்சு மணிக்குக் கண்டனூர் டவர்ல இருக்கு."

ஜோசப் ராஜ் தலையைக் குனிந்தான். "போனேன் சார். கையெழுத்துக் கேட்டேன். மாமா முடியாதுன்னுட்டாரு. கெளம்பி வந்துட்டேன். சொன்னா எம்மேல பழி விழும்னு பயந்தேன்."

"வழியில யாரையாச்சும் பாத்தீகளா?"

"கண்டனூர் விலக்குல அந்த லேப்பு ஆளு எதிர்ல பைக்குல வந்தாரு. மாமா பிறந்தநாளுக்கு ஒருதரம் வந்திருக்காரு. அஞ்சே முக்கால் இருக்கும்."

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.00. ஆய்வகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்: இன்ஸ்பெக்டர், யூஜினியா, ஜோசப் ராஜ், அருள்பாண்டி, செந்தாமரை. வாசலில் இரண்டு காவலர்கள்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் தங்கச்சாமி. "நான் சொன்னா நடுவுல பூட்ஸ் மாறிப்போகும்."

செந்தாமரை முதல் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தாள். குரல் நடுங்காமல் இருக்க மெதுவாகப் பேசினாள்.

"எங்கப்பா பானையில இடது கை மட்டும். காபியில ரெண்டு கையும் சரிபாதி. காபியில இருந்தது செடியோட நிகோடின் இல்ல."

அருள்பாண்டி தாள்களைப் பார்த்தான். "கொதிக்க வச்சா கை மாறும். பாடப் புத்தகத்துலயே இருக்கு."

"இந்தச் சூட்டுல மாறாதுண்ணே. மூணு மணி நேரம் கொதிச்ச பானைதான் இது. மாறல."

"சரி. அப்ப லேப்புல செஞ்சது. ஆனா என்னோடது ஒரு கைப்பக்கம். உலகமே படிச்ச கட்டுரை. குப்பியும் இன்ஸ்பெக்டர்கிட்ட இருக்கு." அவன் அவளை நேராகப் பார்த்தான். "இந்த லேப்புல யாரு எதைச் செஞ்சாலும் சரிபாதியா வரும்னு எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு தடவை. யாரோட அப்பா காபி கொண்டு போனாருன்னும் தெரியும்."

ஜோசப் ராஜ் செந்தாமரையைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தான். அவள் மூன்றாவது தாளை எடுத்து விரித்தாள்.

"இது உங்க பதினாலாம் குப்பி. ஒரே சிகரம், இடது கை. நீங்க சொன்னது சரிதான். ஆனா பக்கத்துல பாருங்க. குட்டிக் குட்டியா நாலு. பானையில இருந்த அதே நாலு, அதே இடத்துல. உங்க வினையூக்கி புகையிலைச் செடியோட ஒண்ணுவிட்ட சொந்தங்களையும் சேர்த்துச் செய்யுமாண்ணே?"

அருள்பாண்டி தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"இது வினையூக்கி செஞ்சது இல்ல. ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக ஸ்டோர்லேருந்து வாங்குன புகையிலை நிகோடின். ஸ்டோர் நோட்டுல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கீக. கட்டுரையில வந்த அளவும் அதை வச்சு எடுத்ததுதான். உங்க வினையூக்கி ஒருநாளும் வேலை செஞ்சதில்ல. எனக்கு வந்த முப்பத்தொண்ணும் சரியான விடை."

"கண்ணு தெரியாத மனுசன் எழுதின..."

"மூணு பூஜ்யம்" என்றாள் அவள். "அதைத்தான் நாம எல்லாரும் பாத்தும் பாக்காம விட்டோம். பூஜ்யம்னா குழாயில ஒண்ணும் இல்லன்னு நினைச்சோம். இடது கை ஒளியை ஒரு பக்கம் திருப்பும், வலது கை அதே அளவு மறுபக்கம் திருப்பும். ரெண்டும் சரிபாதியா இருந்தாலும் பூஜ்யம்தான். சனிக்கிழமை ரெண்டு பத்துக்கு அந்தக் குப்பியில இருந்தது அதுதான். சாருக்கு அது போதும், எல்லாம் புரிஞ்சிருச்சு. சாயங்காலம் அதே சரிபாதி காபியில இருந்துச்சு. வெள்ளிக்கிழமை நான் பாத்தப்பக் குப்பியில வேற ஒண்ணு இருந்துச்சு."

தங்கச்சாமி இப்போது பேசினார். "குளிர்பெட்டிக்கு ரெண்டு சாவி. பேராசிரியர் சாவி ஞாயித்துக்கிழமை காலையிலேருந்து என் அரக்கு முத்திரைக்குள்ள இருக்கு. பூட்டு உடைபடல. கொலையை மட்டும் மறைக்க நினைக்கிறவன் குப்பியைத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பான். கட்டுரையையும் சேர்த்துக் காப்பாத்த நினைக்கிறவன்தான் அதுல நல்ல சரக்கை ஊத்தி வைப்பான். சனிக்கிழமை ஏழு மணி வரைக்கும் லேப்புல இருந்தேன்னு எழுதிக் கொடுத்திருக்கீக. அஞ்சே முக்காலுக்குக் கண்டனூர் விலக்குல இவரு உங்களைப் பாத்திருக்காரு."

அருள்பாண்டி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு மத்தியானமே லேப்புல வச்சு, திங்கட்கிழமை செஞ்சு பாத்துட்டு ஆய்விதழுக்கு எழுதப் போறேன்னாரு. மூணு வாரம் பொறுங்க, ஜெர்மனி போய் நானே எழுதிர்றேன்னேன். மாட்டேன்னுட்டாரு. எங்க ஊர்ல நான்தான் முத ஆளு சார் வெளிநாடு போறது. பேனர்கூட வச்சுட்டாங்க. பேசத்தான் போனேன்."

"பேசப் போறவரு குப்பியை எதுக்குச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போனீக?"

"உள்ள ஜெபம் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றான் அருள்பாண்டி. "சன்னல்ல ஃபிளாஸ்க் இருந்துச்சு."

வாசலில் விலங்கு மாட்டும்போது அவன் செந்தாமரையைப் பார்க்கவில்லை. அவளும் வெற்றி கண்டவள் போல நிற்கவில்லை. மூன்று தாள்களையும் அடுக்கி யூஜினியாவிடம் கொடுத்தாள்.

கருத்தையா எழுதிக் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்றார் வக்கீல். ஆனாலும் காகிதங்கள் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து அவர் வெளியே வர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. வெளியே வந்ததும் மகளின் தலையில் கை வைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கல்லூரியில் இறங்கினாள். ஒரு வேலை இருக்கிறது, அரை மணி நேரம் ஆகும் என்றாள். கருத்தையா உள்ளே வர மறுத்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஆய்விதழின் ஆசிரியருக்கு அவள் எழுதினாள். கட்டுரையில் சொன்ன வினையூக்கி வேலை செய்வதில்லை, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எட்டு வரி. அதே வினையூக்கியை நம்பித்தான் அவளுடைய ஆய்வேடும் நின்றது. அந்த எட்டு வரியில் நான்கு வருடமும் போயிற்று. கீழே கட்டுரையாளர்கள் மூவரும் கையெழுத்திட இடம் விட்டிருந்தது. ஒருவர் கல்லறையில் இருந்தார், ஒருவன் சிறையில் இருந்தான். அவள் தன் பெயருக்கு நேரே கையெழுத்திட்டு அனுப்பினாள்.

வெளியே வந்தபோது கருத்தையா எழுந்து நின்றார்.

"என்ன எழுதுன தாயி?"

"நாங்க சொன்னது தப்புன்னு எழுதுனேன்ப்பா."

"சாரு பேரும் அதுல இருக்கா?"

"இருக்கு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவுக இருந்திருந்தா, உன்னைய எழுத விட்டிருக்க மாட்டாக. தானே எழுதியிருப்பாக."

"ஆமாப்பா" என்றாள் செந்தாமரை. "அதுக்குத்தான் செத்தாங்க."